தூசி போற இடம்

பிரான்சில் பெயின்ற் வேலை செய்கிற எங்கட ஆக்கள் அந்த மெசினை ‘ஜிராஃப்’ என்றுதான் சொல்லுவினம். பகிடிக்கு வைத்த பட்டப்பெயர் இல்லை. அங்கே கடைகளிலும் அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள். ஒன்றரை மீற்றர் நீளத்தில் ஒரு கழுத்து. நுனியில் சோற்றுக் கோப்பை அளவில் வட்டமான தலை. அதில் ஒட்டிக் கழற்றக்கூடிய தேய்ப்புத் தாள். கழுத்தோடு சேர்ந்து ஓடும் தடித்த குழாய் ஒன்று, சில்லுக் கால்களில் நிற்கிற ஒரு தூசி உறிஞ்சியில் போய் முடியும். தமிழில் ஒட்டகச்சிவிங்கி என்று கூப்பிட்டுப் பார்த்தோம். ஏணியில் நிற்கிற ஆளிடம் “அந்த ஒட்டகச்சிவிங்கியை எடுத்துத் தாங்கோ” என்று கத்துவது சரிவரவில்லை. ஜிராஃப் என்றே விட்டுவிட்டோம்.

ஊர்காவற்றுறையில் ஒரு சனசமூக நிலையத்தின் வாசிகசாலையை நாங்கள் சிலர் சேர்ந்து திருத்தத் தொடங்கியபோதுதான் இந்த மெசின் எங்களுக்கு வந்தது. பரிசில் கனகாலமாகச் சுவர் வேலை செய்த ஒரு மாமா, தான் புதியது வாங்கிவிட்டதால் பழையதை உறிஞ்சியோடு சேர்த்துக் கப்பல் பொதியில் போட்டுவிட்டார். அதற்கு முதல் ரொறன்ரோவிலிருந்தும் ஒருவர் தன்னுடையதைத் தர முன்வந்தார். கனடா மெசின் 120 வோல்ற்றில் ஓடுவது. எங்கட கரண்ட் 230. இடையில் ஒரு ட்ரான்ஸ்போமரைத் தூக்கிக்கொண்டு திரிய ஏலாது என்று பிரான்ஸ் மெசினையே எடுத்தோம். அதன் பிளக்கை மட்டும் வெட்டிவிட்டு, ஏர்த் வயரையும் சரியாக இணைத்து, 13 அம்பியர் சதுரப்பின் பிளக் போட்டோம். இரண்டு பின் மலிவு அடப்டர் போட்டால் ஓடாதா என்று கேட்டவர்களும் உண்டு. ஓடும். ஆனால் பிளாஸ்ரிக் குழாய்க்குள்ளால் தூசி விரைவாக ஓடும்போது நிலைமின் ஏறும். ஏர்த் இல்லாவிட்டால் அது குழாயைப் பிடிக்கிறவனின் கையில் சுள்ளென்று அடிக்கும். அடியைவிட, ஏணியில் நிற்கிறவன் திடுக்கிட்டு விழுவதுதான் பயம்.

உண்மையில் இந்த மெசின் எங்கட வீடுகளுக்காகச் செய்யப்பட்டதில்லை. அமெரிக்காவில் 1917இல் ‘ஷீற்றொக்’ என்ற பெயரில் ஜிப்சம் பலகை விற்பனைக்கு வந்தது. மரச்சட்டம் அடித்து, அதன் இரண்டு பக்கமும் இந்தப் பலகையை அறைந்துவிட்டால் சுவர் ஆயிற்று. தண்ணீர் ஊற்றிச் சாந்து குழைக்கிற வேலை இல்லாதபடியால் ‘உலர்சுவர்’ என்று பெயர். ஆனால் பலகைக்கும் பலகைக்கும் இடையில் பொருத்துத் தெரியுமே? அதன்மேல் ரேப் ஒட்டி, பசைபோன்ற ஒரு கலவையைப் பூசி, காய்ந்த பிறகு தேய்த்து, திரும்பவும் பூசித் தேய்த்து மறைக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று தரம். அண்ணாந்தபடி முகட்டையும் தேய்க்க வேண்டும். ரொறன்ரோவிலும் பரிசிலும் போய் இறங்கின எங்கட ஆக்களில் கொஞ்சப் பேர் முதன்முதலில் கைவைத்த தொழில்களில் இதுவும் ஒன்று. பாஷை தெரியாதவனுக்கும் தேய்ப்பு வேலை கிடைக்கும்.

ஊர்காவற்றுறைச் சுவர் வேறு சாதி. பழைய வீடுகள் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். நெடுந்தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வேலியே முருகைக்கல்லில்தான் நிற்கிறது. பிறகு வந்தவை சீமெந்துக் கல், சீமெந்துப் பூச்சு. வருசப்பிறப்புக்கோ பெருநாளுக்கோ வெள்ளை அடித்தால் போதும் என்றிருந்த காலம் போய், இப்போது சுவர் கண்ணாடிமாதிரி வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அதற்குச் சுவர் முழுவதும் பில்லர் இழுக்கிறார்கள். பில்லர் காய்ந்ததும் பேப்பர் போட்டுத் தேய்க்கிறார்கள். சுத்திவர உவர்க்காற்று அடிக்கிற தீவில் இது எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்பது வேறு கேள்வி. சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் பில்லர் இழுத்த சுவர்களில் உப்புப் பூத்து, மேல்தோல் பொருமிக் கழன்று வருவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். பழைய சுண்ணாம்புச் சுவருக்குப் பில்லரும் தேவையில்லை, ஜிராஃப்பும் தேவையில்லை என்பதுதான் எங்கட எண்ணம். அதற்குச் சுண்ணாம்பே மருந்து. வாசிகசாலை மண்டபம் சீமெந்துப் பூச்சு என்றபடியால்தான் பில்லருக்கு ஒத்துக்கொண்டோம்.

ஒத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மண்டபத்தின் கடல் பக்கச் சுவர் முழுவதும் சன்னம் பட்ட பள்ளங்கள். தீவுப்பகுதி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இராணுவத்தின் கைக்குப் போனது, சனம் இடம்பெயர்ந்தது, வருசக்கணக்காக வீடுகள் கூரையில்லாமல் கிடந்தது எல்லாம் எங்களுக்குக் கேட்ட கதைதான். எங்களில் சிலருக்கு அந்தப் பள்ளங்களை அப்படியே விட வேண்டும், ஒரு கண்ணாடிச் சட்டம் போட்டு வைக்க வேண்டும் என்று ஆசை. நிலையத்தின் பழைய நிர்வாகத்தில் இருந்த ஒரு அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: “நீங்கள் பாக்க வேணுமெண்டு நாங்கள் இன்னும் எத்தினை வருசம் அதைப் பாத்துக்கொண்டிருக்கிறது பிள்ளையள்? மூடுங்கோ.” மூடினோம். ஆனால் ஆழப் பள்ளத்தை ஒரேயடியாக நிரப்ப ஏலாது. பில்லர் காயும்போது சுருங்கும்; நடுவில் குழி விழும்; திரும்ப இழுக்க வேண்டும். மற்றச் சுவர்களுக்கு இரண்டு கை என்றால் அந்தச் சுவருக்கு நாலு கை. ஒவ்வொரு கைக்கும் பிறகு தேய்ப்பு. அந்தச் சுவர்தான் எங்களைத் தூசி பற்றி யோசிக்க வைத்தது.

கையால் தேய்க்கிறது எப்படி என்று தெரியாதவர்களுக்கு: மரக்கட்டை ஒன்றில் பேப்பரைச் சுற்றிக்கொள்ள வேண்டும். மேசைக்கு மேல் கதிரை, அல்லது இரண்டு பரலுக்குக் குறுக்கே பலகை. முகத்தில் ஒரு லேஞ்சி. தேய்க்கிறவரின் முகம் சுவரிலிருந்து ஒரு முழத்தில் இருக்கும். முகட்டுப் பக்கம் என்றால் விழுகிறதெல்லாம் கண்ணுக்குள். ஒரு மணித்தியாலத்தில் புருவம் நரைத்துவிடும். கதவு யன்னலைத் திறந்து வைத்தால் தேய்க்கிறவருக்குச் சுகம்தான். ஆனால் சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தத் தூசி பக்கத்து வளவுக் கொடியில் காய்கிற உடுப்பிலும் கிணற்றுக்குள்ளும் போய் விழும். சண்டை வரும். அதனால் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் அனேகமாகத் தேய்ப்பார்கள். சண்டையைத் தவிர்க்கிறதற்கு அந்தத் தூசியைத் தங்கட நெஞ்சுக்குள் வாங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் தொட்டு, ஈரப் பஞ்சால் தேய்த்தால் தூசி கிளம்பாதே என்று கேட்கலாம். சில பில்லருக்கு அது சரிவரும். ஆனால் தீவில் நல்ல தண்ணி பவுசரில் வருகிறது. கிணற்று உவர்த்தண்ணியைச் சுவரில் தொட்டால், உப்பை நாங்களே கொண்டுபோய்ச் சுவருக்குள் வைத்த மாதிரி.

எங்களோடு வேலை செய்த பெயின்ரர் அண்ணைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பீடி, சுருட்டு ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் வந்து சைக்கிளை நிற்பாட்டினால் முதலில் கேட்கிறது அவருடைய இருமல்தான். “விடிய இருமினா வெள்ளையா ஏதோ வரும். ஒரு தேத்தண்ணி குடிச்சாச் சரி” என்பார். கிளினிக்கில் இழுப்பு என்று சொல்லி பம்ப் கொடுத்திருக்கிறார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்களா என்றோம். “அதை ஏன் அவை கேக்கப் போகினம்?”

கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரிய பிரச்சினை இல்லை. அது மூக்கிலும் தொண்டையிலும் மாட்டுப்படும், சளியோடு வந்துவிடும். ஆளைக் கெடுக்கிறது கண்ணுக்குத் தெரியாத தூசி. ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். தலைமயிர் கிட்டத்தட்ட எழுபது மைக்ரோன் தடிப்பு. நாலைந்து மைக்ரோனுக்குக் கீழே போன தூசி சுவாசப்பையின் கடைசி நுண்ணறை வரைக்கும் போகும். நிலத்தில் விழாமல் மணித்தியாலக் கணக்காக அறைக்குள் மிதக்கும். வேலை முடிந்து லேஞ்சியைக் கழற்றிவிட்டுச் சாப்பிட இருக்கிறபோதும் அது அங்கேதான் நிற்கிறது. லேஞ்சியால் அதைத் தடுக்க ஏலாது. கொரோனாக் காலத்து நீல மாஸ்க்கும் பக்கவாட்டால் உள்ளே விடும். என்95 போல முகத்தோடு இறுக ஒட்டுவது வேண்டும். தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது. பில்லரில் அனேகம் சுண்ணாம்புக்கல் மாவு. அது அவ்வளவு கொடியது இல்லை என்றாலும், ஆழத் தேய்த்து அடியில் இருக்கிற சீமெந்துப் பூச்சைத் தொட்டுவிட்டால் மணலின் சிலிக்கா கிளம்பும். பளிங்குச் சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997இலேயே வகைப்படுத்திவிட்டது. அது சுவாசப்பையில் உண்டாக்குகிற வடுவைத் திருப்பி மாற்ற மருந்து இல்லை.

அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். தொழிலாளரின் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றி ஆராய்கிற அவர்களின் அரச நிறுவனமான நியோஷ், உலர்சுவர் தேய்க்கிறவர்கள் சுவாசிக்கிற காற்றில் தூசி சட்ட வரம்பின் 10 மடங்கு வரைக்கும் போகலாம் என்று கண்டது. கடையில் வாங்கக்கூடிய, உறிஞ்சியோடு இணைத்த 5 தேய்ப்புக் கருவிகளைச் சோதித்துப் பார்த்து, அவை தூசியை 80 முதல் 97 சதவீதம் வரைக்கும் குறைத்தன என்று 1999இல் வெளியிட்டது. தேய்ப்புத் தாளில் சில துளைகள், ஒரு குழாய், ஒரு உறிஞ்சி. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் தேவைப்படவில்லை. அங்கே அளக்க ஆள் இருந்தது, வரம்பு என்று ஒரு சட்டம் இருந்தது. இங்கே தொழிலாளர் பாதுகாப்புக்கு இன்றைக்கும் அடிப்படையாக இருப்பது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். ஆரோ ஒருவரின் வீட்டு ஹோலில் பலகைக்கு மேல் நின்று தேய்க்கிற ஆளைத் தேடி எந்தப் பரிசோதகர் வரப்போகிறார்?

மெசின் வந்து இறங்கிய அன்று அண்ணை சந்தோசப்படுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் கழுத்தைத் தூக்கிப் பார்த்தார், தலையைச் சுற்றிப் பார்த்தார், திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

“நல்ல சாமான்தான். ஆனா பிள்ளையள், நான் நாள் கூலிக்கு வாறன். கையாலை தேய்ச்சா இந்த ஹோலுக்கு நாலு நாள். உதாலை எண்டா ஒரு நாள். மிச்ச மூண்டு நாளும் என்ர வீட்டு உலையிலை என்னத்தைப் போடுறது?”

இதற்கு எங்களிடம் சுகாதாரப் பதில் ஒன்றும் இல்லை. பின்னேரம் முழுவதும் அதைத்தான் கதைத்தோம். பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள், தொழிலாளிக்கு விளக்கம் இல்லை, சொன்னாலும் கேட்கமாட்டான் என்று ஒரு பாட்டுப் பாடுவார்கள். அண்ணைக்கு விளக்கம் எங்களைவிடக் கூட இருந்தது. தன் நெஞ்சில் என்ன இருக்கிறது என்பதும் தெரியும், மூன்று நாள் கூலி எவ்வளவு என்பதும் தெரியும். இரண்டையும் தராசில் போட்டுத்தான் பெட்டியை மூடினார். நாள் கூலி என்ற ஏற்பாடு இருக்கிற வரைக்கும் வேலையை விரைவாக முடிக்கிற எந்த மெசினும் கூலியாளுக்கு எதிரிதான். வெளிநாட்டிலிருந்து சாமான் அனுப்புகிற எங்கட நல்ல மனங்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. சாமான் வரும், படம் எடுப்போம், பிறகு அது மூலையில் கிடக்கும். ஊரில் இப்படிக் கிடக்கிற சாமான்களைக் கணக்கெடுத்தால் ஒரு மண்டபம் போதாது.

கடைசியில் சதுர அடிக் கணக்குக்கு மாறினோம். மண்டபத்தின் சுவர், கதவு யன்னல் கழித்து, 850 சதுர அடி வந்தது. கையால் தேய்த்தால் அவருக்கு நாலு நாளில் என்ன கிடைத்திருக்குமோ அந்தக் காசைச் சதுர அடிக்குப் பிரித்தோம். எத்தனை நாளில் முடித்தாலும் அதே காசு. மிச்ச நாளுக்கு அவர் வேறு வேலைக்குப் போகலாம். அண்ணை கணக்கை இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப சரி, அந்த ஜிராஃப்பை வெளியிலை எடுங்கோ” என்றார்.

அவர் அதைப் பிடித்த விதத்தைப் பார்த்தே நாங்கள் படித்தோம். தலையைச் சுவரில் வைத்த பிறகு மெசினைப் போடக்கூடாது. ஓடவிட்டுத்தான் மெதுவாகச் சுவரைத் தொட வேண்டும். அமத்தக்கூடாது, உறிஞ்சியின் இழுவையே தலையைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கும். இழுவை கூடினால் தலை சுவரைக் கவ்விப் பிடித்து நகர மறுக்கும். குறைந்தால் ஓரத்துத் தும்புக்கு வெளியே தூசி கசியும். அந்த நடு அளவைக் காதால் கண்டுபிடிக்கலாம் என்கிறார் அண்ணை, சத்தம் மாறுமாம். ஒரே இடத்தில் நின்றால் வட்டமாகப் பள்ளம் விழும், ஆகவே கை நிற்கக்கூடாது. போன தடத்தில் பாதியை மூடியபடி அடுத்த தடம். முதலில் 120 பேப்பர், பிறகு 180. தாளின் துளைகள் தலையின் துளைகளுக்கு நேரே வர வேண்டும். மாறி ஒட்டினால் உறிஞ்சி வெறுமனே இரைந்துகொண்டு நிற்கும், தூசி முகத்துக்கே வரும். மூலைகளுக்கு வட்டத் தலை போகாது. ஸ்விச் பெட்டியைச் சுற்றியும் யன்னல் நிலை ஓரத்திலும் கைதான். அந்த இடங்களுக்கு மாஸ்க் போட்டே ஆக வேண்டும். மெசின் வந்தவுடன் மாஸ்க்கைக் கழற்றிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம். 97 சதவீதம் என்றால் மிச்சம் 3 இருக்கிறது.

தேய்த்து முடிந்ததும் யன்னலைச் சாத்திவிட்டு, ஒரு டோர்ச் லைற்றைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தார். நேரே பார்த்தபோது கண்ணாடிபோல் இருந்த சுவரில் சரிந்த வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு மேடு பள்ளமும் நிழலோடு எழும்பி வந்தது. கடல் பக்கச் சுவரில் அந்தப் பள்ளங்கள் இருந்த இடங்கள் மங்கல் வட்டங்களாகத் தெரிந்தன. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணை அந்தச் சுவருக்கு இன்னொரு கை இழுத்தார்.

உறிஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆக்கள் மெசினுக்குக் காசு செலவழித்துவிட்டு இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். வீட்டு வக்கியூமைப் பூட்டினால் என்ன என்று கேட்பார்கள். அதன் வடி கொஞ்ச நேரத்திலேயே அடைத்துவிடும். அடைபடாத மலிவு வடி என்றால் நுண்தூசி முன்பக்கத்தால் போய்ப் பின்பக்கத்தால் வெளியே வரும். அப்போது அது தூசியை உறிஞ்சுகிற மெசின் இல்லை, அறைக்குள் நன்றாகக் கலக்கிவிடுகிற மெசின். ஐரோப்பாவில் உறிஞ்சிகளை எல், எம், எச் என்று மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். எல் 99 சதவீதத் தூசியைப் பிடிக்க வேண்டும், எம் 99.9, எச் 99.995. எங்களுக்கு வந்தது எம். பெட்டியின் முன்பக்கம் ஒட்டின ஸ்ரிக்கரில் அந்த எழுத்து இருக்கும். சின்ன எழுத்து என்றாலும் சாமான் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஜிராஃப்பின் வயரை உறிஞ்சியின் உடம்பில் இருக்கிற சொக்கெற்றில் சொருகினால், மெசினைப் போட்டதும் உறிஞ்சி தானாக ஓடும், நிற்பாட்டிய பிறகும் சில விநாடி ஓடிக் குழாயைத் துப்புரவாக்கும்.

வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. நிலத்தில் காலடி பதியிற அளவுக்குக்கூடத் தூசி இல்லை. உறிஞ்சிக்குள் இருந்த பையைக் கழற்றி, வாயைக் கட்டி, பக்கத்துக் கடைத் தொங்கு தராசில் கொழுவினோம். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அரிசிப் பை மாதிரி இருந்தது. அண்ணை அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார், இறக்கினார், திரும்பவும் தூக்கிப் பார்த்தார். “இருவது வருசமா ஹோல் ஹோலாத் தேய்ச்சிருக்கிறன்” என்று மட்டும் சொன்னார். அவ்வளவும் நெஞ்சுக்குள் போகவில்லை, அனேகம் கூட்டி அள்ளிக் கொட்டப்பட்டதுதான் என்று எங்களில் ஒருவர் சமாதானம் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. நெஞ்சுக்குள் போக வேண்டியது கிலோக் கணக்கில் இல்லையே.

சுவர் முடிந்ததும் எல்லாருடைய கண்ணும் மேலே போனது. வாசிகசாலையின் சீலிங் தட்டைச் சீற். கறை பிடித்து, பழைய பெயின்ற் செதிள் செதிளாகக் கிளம்பியிருந்தது. கழுத்து நீளமாக இருக்கிற மெசின், அண்ணாந்து தேய்க்கவென்றே செய்தது, நாலு கிலோவையும் சிந்தாமல் விழுங்கியது. “உதையும் ஒரு பிடி பிடிச்சு விடுவமே” என்று அண்ணையே கேட்டார்.

இல்லை என்றோம். அது அஸ்பெஸ்ரஸ் சீற்.

எங்கட நாட்டில் கூரைக்கும் சீலிங்குக்கும் இது எவ்வளவு சாதாரணம் என்று சொல்லத் தேவையில்லை. நீல அஸ்பெஸ்ரஸை 1987இல் தடைசெய்துவிட்டு, வெள்ளையை மட்டும் தொடர்ந்து இறக்குகிறோம். வெள்ளையும் புற்றுநோய் தருவதுதான் என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகம் இல்லை. பிரான்ஸ் 1997இல் முற்றாகத் தடைசெய்தது. உலகத்துக்கே தோண்டி விற்ற கனடாவும் 2018இல் தடைசெய்தது. கியூபெக்கில் ‘அஸ்பெஸ்ரஸ்’ என்றே பெயர் வைத்திருந்த சுரங்க ஊர் ஒன்று 2020இல் வெட்கப்பட்டுத் தன் பெயரை மாற்றிக்கொண்டது. எங்கட மாமாமாரும் சித்தப்பாமாரும் வேலை செய்கிற இரண்டு நாடுகள் இவை. அங்கே பழைய கட்டடத்தில் இந்தச் சீற் இருந்தால் சாதாரணப் பெயின்ரர் கைவைக்க மாட்டார்; அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் மூடுடை போட்டு வந்து, எச் தர உறிஞ்சியோடுதான் தொடுவார்கள்.

இலங்கையும் தடைசெய்ய வெளிக்கிட்டது. 2018 தை 1 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. அதற்கு இரண்டு கிழமை இருக்கையில், தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. எங்களுக்கு வருகிற அஸ்பெஸ்ரஸில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்துதான் வருகிறது. அரசாங்கம் அஸ்பெஸ்ரஸ் தடையைத் தள்ளிவைத்தது. அந்த மார்கழி முடிவதற்குள் தேயிலைத் தடை நீங்கியது. வண்டுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது பத்திரிகைகளும் கேட்டன. தேயிலையை நம்பி வாழ்கிற மலையகத் தொழிலாளியின் வயிறும், சீற்றுக்குக் கீழே படுக்கிறவனின் நெஞ்சும் ஒரே தராசில் வைக்கப்பட்டன. இரண்டு பேரிடமும் ஒருவரும் கேட்கவில்லை. அண்ணையின் மூன்று நாள் கூலிக் கணக்கு எங்களுக்கு நினைவுக்கு வந்தது. இது அதே கணக்குத்தான், நாடளவில்.

சீற் முழுசாக, உடையாமல் இருக்கிற வரைக்கும் அதன் நார்கள் சீமெந்துக்குள் கட்டுண்டு கிடக்கும். அறுத்தால், துளைத்தால், தேய்த்தால்தான் கிளம்பும். மூச்சோடு உள்ளே போனது 20, 30, 40 வருசம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு நோயாக வரும். எங்கட உறிஞ்சி எம் தரம். இதற்கு அது போதாது. போதாதது மட்டுமில்லை, ஒருமுறை அஸ்பெஸ்ரஸை உறிஞ்சினால் குழாய், வடி, பெட்டி எல்லாமே பழுது. அதற்குப் பிறகு அதை எந்த வீட்டுக்கும் கொண்டுபோக ஏலாது. ஆகவே சீலிங்கைத் தேய்க்கவில்லை, சுரண்டவில்லை, வரட்டுத் தும்புக்கட்டையால் தட்டவும் இல்லை. கிளம்பி நின்ற செதிள்களை ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுத்து, துணியோடு சேர்த்து இரட்டைப் பையில் கட்டினோம். அதன்மேல் ரோலரால் பெயின்ற் போட்டோம். வடிவாக இல்லை. பெயின்ற்றுக்குள்ளாலும் செதிள் இருந்த இடங்கள் தீவுப்படம் மாதிரித் தெரிகின்றன. வாசிகசாலைக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “சுவரை இப்பிடிச் செய்துபோட்டு முகட்டை விட்டிட்டியள்” என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய கதவு யன்னல்களையும் மெசினால் தொடவில்லை. பெயின்ற்றில் ஈயத்துக்கு இலங்கையில் வரம்பு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய இனாமலைத் தேய்த்தால் என்ன கிளம்பும் என்று யோசித்துக்கொள்ளுங்கோ.

இப்போது ஜிராஃப் நிலையத்தில்தான் இருக்கிறது. புத்தகம் இரவல் கொடுக்கிற அதே கொப்பியில், கடைசிப் பக்கத்தில், அதற்கும் ஒரு அட்டவணை போட்டிருக்கிறோம். தீவுப்பகுதியில் பெயின்ற் வேலை செய்கிற எவரும் எடுக்கலாம். வாடகை இல்லை, தேய்ப்புத் தாளும் பையும் மட்டும் அவரவர் செலவு. ஒரே நிபந்தனை, வேலையைச் சதுர அடிக்குப் பேசியிருக்க வேண்டும். நாள் கூலிக்கு எடுத்துக்கொண்டு போனால் இலாபம் வீட்டுக்காரருக்குத்தான் போகும். வீட்டுக்காரர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து நின்று வீடு திருத்துகிற ஒருவர், மெசினைத் தந்துவிட்டு ரேற்றையும் நீங்களே சொல்லுவதோ என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் பெயின்ரரை அனுப்பி எடுப்பித்தார்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு மூன்று கடைகளில் தேடி, 225 மில்லிமீற்றர் தாள் ஓரிடத்தில் கிடைத்தது; துளை மட்டும் பொருந்தவில்லை. அண்ணை பழைய தாளை மேலே வைத்துச் சூடாக்கின கம்பியால் துளை போடுகிறார். பைதான் பிரச்சினை. உறிஞ்சிக்கு அளவான பை இங்கே இல்லை. பரிசிலிருந்து மாமா போட்டுவிட்டதில் 3 மிச்சம் இருக்கிறது. அடுத்த பொதி வரும்வரைக்கும் ஒரு பையை நிரம்ப நிரம்பத்தான் கழற்றுகிறோம். கழற்றின பையை அவிழ்த்துக் கொட்டித் திரும்பப் போடலாமே என்று கேட்டவருக்கு, கொட்டும்போது அது எங்கே போகும் என்று அண்ணையே விளங்கப்படுத்தினார்.

இந்தக் கிழமை மெசின் சரவணைப் பக்கம் ஒரு வீட்டில் நிற்கிறது. எடுக்க வந்த பொடியனிடம் கொப்பியில் கையெழுத்து வாங்குவதற்கு முதல், பக்கத்தில் நின்ற அண்ணை கேட்டார்: “அங்கை முகடு என்ன சீற் தம்பி?”